தோல்முட்டைக்கு முந்தைய நாள்

காலையில் கூட்டைத் திறக்கும்போது ஓடே இல்லாத முட்டை ஒன்று வைக்கோலில் நசுங்கிக் கிடந்தால், பார்ப்பவர் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து பத்தல." தீவனக் கடைக்காரரும் கால்சியம் டானிக் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டுவார். சில வீடுகளில் அது சரியான மருந்தாகவே அமைந்துவிடுகிறது. பல வீடுகளில் பாட்டில் காலியான பிறகும் தோல்முட்டை வந்துகொண்டே இருக்கிறது. காரணம், கோளாறு தீனியில் இல்லை. வெயிலிலோ, தண்ணீரிலோ, அந்திநேரத்தில் கோழியைத் துரத்திய நாயிலோ, எப்போதோ வந்துபோன சளிநோயிலோ இருக்கிறது.

கோணல் முட்டை, வரிவரியாகச் சுருங்கிய முட்டை, இரட்டைக் கரு, கருவே இல்லாத குட்டி முட்டை, முட்டைக்குள் முட்டை என்று வீட்டுக்கோழி இடும் விசித்திரங்கள் பல. எல்லாவற்றையும் சத்துக்குறை என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை. முட்டையின் எந்தப் பகுதி கெட்டிருக்கிறது என்று பார்த்தால், கோழியின் உடம்பில் எந்த இடத்தில், ஏறக்குறைய எந்த நேரத்தில் பிசகு நேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்கு முட்டை உருவாகும் வழியைத் தெரிந்திருக்க வேண்டும்.

முட்டையிடும் கோழியை அறுத்துச் சுத்தம் செய்தவர்கள் அந்த வழியைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். முதுகெலும்பை ஒட்டி, கடுகளவிலிருந்து முழு மஞ்சள் கரு அளவு வரை கொத்தாகத் தொங்குவது சூலகம். கோழிக்கு இடப்பக்கச் சூலகமும் இடப்பக்க முட்டைக்குழாயும்தான் வேலை செய்கின்றன. வலப்பக்கத்தவை வளராமலே நின்றுவிடுகின்றன. முற்றிய கரு ஒன்று உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே விழ, குழாயின் புனல்போன்ற வாய் அதைப் பிடித்து விழுங்குகிறது. சேவல் சேர்ந்திருந்தால் கால் மணி நேரத்துக்குள் அங்கேயே கரு கூடிவிடும். அடுத்த பகுதியில் ஏறத்தாழ 3 மணி நேரம் தங்கி வெண்கருவைப் பூசிக்கொள்கிறது. அதன்பின் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக நின்று இரண்டு சவ்வுகளைப் போர்த்திக்கொள்கிறது. ஓடு கட்டுவதற்கு மட்டும் சுமார் 20 மணி நேரம். மொத்தம் 24 முதல் 26 மணி நேரம் ஆகிவிடுவதால், இன்று எட்டு மணிக்கு இட்ட கோழி நாளை ஒன்பதுக்கு இடும், மறுநாள் இன்னும் தாமதிக்கும், பிறகு ஒரு நாள் விட்டுவிடும். முட்டை வெளியேறி அரை மணி நேரத்தில் அடுத்த கரு கழன்று விழுவது வழக்கம்.

இந்தக் கணக்கில் முக்கியமானது ஓட்டின் நேரம். காலை ஒன்பதரைக்குக் கழன்ற கரு பிற்பகல் இரண்டு மணி வாக்கில் ஓட்டுச் சுரப்பிக்கு வந்து சேர்கிறது. முதல் சில மணி நேரம் வெண்கரு நீரை உறிஞ்சி ஊதிப் பருக்கிறது. சுண்ணாம்பு வேகமாகப் படிவதெல்லாம் அதற்குப் பிறகு, அதாவது அந்தியிலிருந்து விடியற்காலை வரை. பழுப்பு நிறம் ஏறுவது கடைசிச் சில மணி நேரத்தில். கோழி கூட்டில் அடைந்து தூங்கும் நேரத்தில்தான் அதன் உடம்பு மிகக் கடுமையாக உழைக்கிறது.

சராசரி முட்டையின் ஓடு 5, 6 கிராம் இருக்கும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட். கால்சியம் மட்டும் என்று கணக்கிட்டால் 2 கிராம் சொச்சம். கோழியின் மொத்த உடம்பில் இருப்பதே 20 கிராம் அளவுதான். நாளுக்கொரு முட்டை என்றால் தன் உடம்பின் கால்சியத்தில் பத்தில் ஒரு பங்கை நாளும் கொடுக்கிறது என்று பொருள். இரவில் குடலில் தீனி தீர்ந்துபோனதும் எலும்பிலிருந்து எடுக்கிறது. இதற்கென்றே, முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்பிருந்து நீண்ட எலும்புகளின் உட்குழியில் தனியாக ஓர் எலும்பு வளரும். அது தீர்ந்தபின் நடக்க உதவும் எலும்பையே கரைக்கத் தொடங்கும். தோல்முட்டை இட்ட கோழி சில வாரத்தில் கால் ஊன்ற முடியாமல் படுத்துவிடுவது இதனால்தான்.

ஆனால் இந்த இழப்பு எல்லாக் கோழிக்கும் ஒன்றல்ல. சிறுவிடை போன்ற நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டு முழுக்க 60, 80 முட்டைதான், அளவும் சிறியது. மேய்ச்சலில் நத்தை ஓடு, சுவரின் காரை, பூச்சி, மண் எனக் கொத்தித் தன் தேவையைப் பெரும்பாலும் தேடிக்கொள்கிறது. பண்ணையில் கழித்த லேயர் கோழியை மலிவு விலைக்கு வாங்கி வீட்டில் விட்டவர்களின் கதை வேறு. ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும்படி தேர்ந்தெடுத்து வளர்த்த உடம்பு அது. பண்ணையில் அதன் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதற்குக் கிடைப்பது தவிடும் குருணையும். தானியத்தில் கால்சியம் இல்லை என்றே சொல்லிவிடலாம். தவிட்டில் இருப்பதோ, கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பைட்டேட். இந்தக் கோழி தோல்முட்டை இட்டால் சுண்ணாம்புச் சத்தைச் சந்தேகிப்பது முழுக்க நியாயம். நாட்டுக்கோழி இட்டால், அதுவும் ஊர் சுற்றி மேயும் கோழி இட்டால், முதலில் வேறு பக்கம் பார்க்க வேண்டும்.

கொடுப்பதென்றால் எதை, எப்படிக் கொடுப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. வெற்றிலைக்குப் போடும் நீற்றுச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வைப்பது வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். கிளிஞ்சலை நீற்றாமல், நொய்யரிசி அளவில் இருந்து மிளகு அளவு வரை இடித்துத் தனிச் சட்டியில் வைத்தால் போதும். பெரிய துண்டுகள் அரைவைப்பையில் தங்கி இரவு முழுக்க மெல்லக் கரையும். மாவாக அரைத்தது அந்தியிலேயே கடந்து போய்விடும். தனிச் சட்டி என்பதற்கும் காரணம் உண்டு. ஓடு கட்டும் கோழிக்கு மாலையில் கால்சியத்தின் மேல் தனி வேட்கை எழும், தேவையான அளவு தானே கொத்திக்கொள்ளும். தீனியில் கலந்து போட்டால் குஞ்சுகளும் விடைகளும் தின்று சிறுநீரகம் கெடும். இடும் கோழிக்குமே அளவு மிஞ்சினால் ஓட்டின் மேல் மணல் தூவியதுபோல் சொரசொரப்புப் பருக்கள் வரும். அதைப் பார்த்து இன்னும் ஒரு பாட்டில் டானிக் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

சித்திரை, வைகாசியில் வரும் மெல்லிய ஓட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெப்பம் முப்பது டிகிரியைத் தாண்டினால் வாயைத் திறந்து இரைக்கத் தொடங்கும். ஒவ்வொரு மூச்சிலும் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேற, ரத்தத்தில் பைகார்பனேட் குறைகிறது. ஓடு கால்சியம் மட்டுமில்லை, கார்பனேட்டும்தான். அந்தப் பாதி ரத்தத்திலிருக்கும் கரியமில வாயுவிலிருந்து வர வேண்டியது. போதாததற்கு வெயிலில் கோழி தின்பதும் குறைந்துவிடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் கிளிஞ்சலைக் கொட்டிக் கொடுத்தும் ஓடு கெட்டிப்படாமல் போவது இதனால். 1980களில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெப்பத்தில் வாடிய கோழிகளுக்கு, நாம் குடிக்கும் சோடாவைப் போல வாயு ஏற்றிய தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தபோது ஓட்டின் தரம் உயர்ந்தது. நம் வீட்டில் சோடா வேண்டாம். கூட்டின் மேல் தென்னங்கீற்று, மண்சட்டியில் அடிக்கடி மாற்றிய தண்ணீர், தீனியை விடியலிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வைப்பது ஆகியவை டானிக்கைவிட அதிகம் செய்யும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் அதே 1980களில் நடந்த ஆய்வுகள், குடிநீரில் உப்பு கொஞ்சம் கூடினாலே ஓடு பலவீனப்படுவதைக் காட்டின. கோழி நன்றாகத் தின்னும், எடையும் குறையாது, முட்டை மட்டும் விரிசல் விடும். ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்த்துப்போன நம் கடலோரங்களிலும் வறண்ட மாவட்டங்களிலும் இதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. மனிதருக்குக் கேன் தண்ணீர் வாங்கும் வீட்டில் கோழிக்குப் போர் தண்ணீர்தான் போகிறது.

ஓட்டுக் கோளாறுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, நடுவில் ஒட்டியாணம் கட்டியதுபோல் மேடிட்ட வளையம் உள்ள முட்டை. அதை விரலால் தடவினால் வளையத்தின் கீழே பழைய விரிசலின் மேடுபள்ளம் தட்டுப்படும். விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி ஒளி விடும். ஓடு இன்னும் காகிதம் அளவே படிந்திருந்த நேரத்தில், கோழி பயந்து குதித்தோ மற்றொன்றின் மேல் விழுந்தோ வயிறு அழுந்தியதால் உள்ளேயே ஓடு உடைந்திருக்கிறது. பிறகு மீதமிருந்த மணிநேரங்களில் அதே சுரப்பி விரிசலின் மேல் சுண்ணாம்பைப் பூசி ஒட்டிவிட்டது. ஓட்டின் நேரக் கணக்கை வைத்துப் பார்த்தால் இது முந்தைய நாள் மாலையில் நடந்தது. தெருநாயா, கீரியா, பிள்ளைகள் துரத்திப் பிடித்துக் கூட்டில் அடைத்தார்களா, பஞ்சாரத்துக்குள் நெருக்கி மூடினோமா என்று விசாரிக்க வேண்டியது அந்த மாலையைத்தான். பயம் இன்னொரு விதத்திலும் வேலை செய்யும்: அட்ரினலின் ஏறினால் முட்டையைக் கோழி நேரத்துக்குப் போடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது பின்னாலேயே அடுத்த முட்டையும் வந்து இரண்டும் ஒட்டி நிற்கும். முன்னதன் மேல் கூடுதல் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். பின்னதன் ஒரு பக்கம் தட்டையாகிவிடும்.

கருவின் கோளாறுகள் இதற்கு முன்பே, பயணத்தின் முதல் நிமிடங்களிலேயே நேர்ந்துவிடுபவை. முட்டையிடத் தொடங்கிய விடைக்கோழியின் சுரப்புகள் இன்னும் ஒழுங்குக்கு வராத வாரங்களில் இரண்டு கருக்கள் அடுத்தடுத்துக் கழன்று ஒரே ஓட்டுக்குள் சேர்வது சாதாரணம். அதுவே இரட்டைக் கரு. சில கோழிகளுக்கு அது வம்சத்தில் வருவது. 1956இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து வைன்லேண்டில் ஒரு லெகார்ன் கோழி இட்ட 454 கிராம் முட்டைக்கு இரண்டு கருவும் இரண்டு ஓடும் இருந்தன. ஓட்டுக்குள் ஓடு உருவாக, முற்றிய முட்டையைக் குழாய் கீழே தள்ளாமல் மேலே திருப்பித் தள்ள வேண்டும். அது வெண்கருப் பகுதி வரை போய்த் திரும்பும் வழியில் மீண்டும் எல்லாம் பூசிக்கொண்டு வருகிறது. எப்போதோ ஒரு முறை நேர்வது, கோழிக்கு நோய் என்று பொருளில்லை.

நெல்லிக்காய் அளவில் வரும் கருவற்ற முட்டைக்கு உலகெங்கும் பெரிய பழி இருந்திருக்கிறது. கரு இல்லாமலே, சதைத் துணுக்கோ ரத்தக் கட்டியோ குழாயில் நுழைந்தால், அதையே கரு என்று எண்ணிக் குழாய் வெண்கருவும் ஓடும் பூசிவிடும். ஐரோப்பாவில் இதைச் சேவல் இட்ட முட்டை என்று நம்பினார்கள்; அதிலிருந்து பார்வையாலேயே கொல்லும் பாம்பு பிறக்கும் என்றும் அஞ்சினார்கள். 1474இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் முட்டையிட்ட குற்றத்துக்காக ஒரு சேவலை விசாரித்துத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். அது சேவலாக உருமாறிக்கொண்டிருந்த பெட்டையாக இருந்திருக்கலாம். இடப்பக்கச் சூலகம் நோயால் அழிந்துவிட்டால், உறங்கிக் கிடந்த வலப்பக்க உறுப்பு விரையாக வளர்வதுண்டு. கொண்டை பெருக்கும், கூவும். 1923இல் எடின்பரோவில் எஃப்.ஏ.இ. குரூ என்ற அறிவியலாளர், முன்பு முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த ஒரு கோழி பின்னாளில் குஞ்சுகளுக்குத் தகப்பனானதைப் பதிவு செய்தார். நம் ஊரிலும் கூவும் பெட்டையை அபசகுனம் என்று உடனே அறுத்துவிடுவார்கள். செய்வினை, கண்ணேறு என்று கோணல் முட்டையை முச்சந்தியில் உடைப்பதும் உண்டு. அந்தப் பயத்தில் யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரர்மேல் பழி விழுவதுதான் எனக்கு வருத்தம்.

ரத்தப்புள்ளியும் அப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. கரு கூடிய முட்டை என்று ஒதுக்குகிறார்கள். சேவலே இல்லாத வீட்டிலும் ரத்தப்புள்ளி வரும். கரு கழலும்போது உறை கிழிய வேண்டிய இடத்தில் ரத்தநாளம் கிடையாது. சற்றே விலகிக் கிழிந்தால் நாளம் அறுந்து ஒரு சொட்டு கசிந்துவிடும். வைட்டமின் ஏ குறைந்த கோழிகளில் இது கூடுதல். முருங்கைக்கீரைக் கொத்தைக் கூட்டில் கட்டித் தொங்கவிட்டால் அந்தக் குறை தீரும். ரத்தப்புள்ளி உள்ள முட்டையைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

நிறக் கோளாறுகளில் நம் மாட்டுத் தொழுவத்துக்கு நேர்த் தொடர்புள்ள ஒன்று உண்டு. பருத்திக்கொட்டை ஆட்டி மாட்டுக்கு வைக்கும் வீட்டில் கோழிகள் தொட்டியைச் சுற்றியே மேயும். சிந்தியதையும் புண்ணாக்கையும் கொத்தும். பருத்திக்கொட்டையிலுள்ள காசிபால் என்ற பொருள் மஞ்சள் கருவின் இரும்போடு சேர்ந்து, கருவை ஆலிவ் காய் நிறத்துக்கு, சில சமயம் அழுக்குப் பச்சைக்கே கொண்டுபோகும். இட்ட அன்று தெரியாது. ஃபிரிட்ஜில் சில வாரம் இருந்தால் தெரியும். அதே கொட்டையின் எண்ணெயில் ஸ்டெர்குலிக், மால்வாலிக் என்ற கொழுப்பு அமிலங்களும் இருக்கின்றன. இவை கருவைச் சுற்றிய சவ்வை ஊடுருவக்கூடியதாக்க, கருவின் இரும்பு வெண்கருவுக்குள் கசிந்து அதன் புரதத்தோடு கூடி இளஞ்சிவப்பாக்குகிறது. இலவம்பஞ்சு விதையிலும் இதே அமிலங்கள் உண்டு. முட்டை கெட்டுவிட்டது, மருந்து வைத்துவிட்டார்கள் என்று பதறுவதற்கு முன் தொட்டியடியைப் பார்த்துவிடுவது நல்லது. அளவுக்கு மீறி வேகவைத்த முட்டையின் கருவைச் சுற்றித் தெரியும் பச்சை வளையம் வேறு. அது இரும்பும் கந்தகமும் அடுப்பில் சேர்வதால் வருவது, கோழிக்கு அதில் பங்கில்லை.

இனி நோய்கள். ஒற்றைக் கோழி ஒரு நாள் கோணலாக இட்டால் விட்டுவிடலாம். பல கோழிகள் ஒரே வாரத்தில் அப்படி இட ஆரம்பித்தால், அல்லது ஒரே கோழி வாரக்கணக்கில் ஒரே விதமாக இட்டால், அது வேறு செய்தி.

கோழிச் சளிநோய்களில் ஒன்றான தொற்று மூச்சுக்குழல் அழற்சியை 1931இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலிருந்து ஷால்க், ஹான் என்ற இருவர் முதலில் விவரித்தார்கள். பின்னாளில் உலகமே பெயர் அறிந்த கொரோனா வைரஸ் குடும்பத்தில் முதலில் தெரியவந்தது இந்தக் கோழி வைரஸ்தான். மனிதருக்கு இது தொற்றாது. கோழிக்கு இரண்டு வாரம் தும்மல், மூக்கொழுகல். அதோடு போய்விட்டது என்று நினைப்போம். ஆனால் வைரஸ் முட்டைக்குழாயின் உட்சுவரையும் தாக்கியிருக்கும். வெண்கரு தண்ணீராக ஓடும். கெட்டியான வெண்கரு தாங்கிப் பிடிக்காததால் சவ்வு மடிந்து, அதன் மேல் படியும் ஓடும் வரிவரியாகச் சுருங்கும். குஞ்சாக இரண்டு வார வயதுக்குள் இந்த நோய் கண்ட பெட்டைகளில் சிலவற்றுக்குக் குழாய் நிரந்தரமாகச் சிதைந்துவிடுகிறது. வளர்ந்தபின் கொண்டை சிவந்து, கூட்டில் போய் உட்கார்ந்து, இடுவதற்கான எல்லாக் குறியும் காட்டும். முட்டை மட்டும் வராது. கரு வயிற்றுக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. எவ்வளவு டானிக் ஊற்றினாலும் அந்தக் கோழி இடப்போவதில்லை.

1976இல் நெதர்லாந்தில் அடையாளம் கண்ட முட்டைக்குறைவு நோய்க்கு வாத்தும் கூஸும் இயல்பான இருப்பிடம். அவற்றுக்குப் பெரிய தொந்தரவு தராது. கோழிக்கு வந்தால் முதலில் பழுப்பு ஓடு வெளிறும், பிறகு மெல்லியதாகும், பிறகு ஓடே இல்லாமல் விழும். கோழி பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும். வாத்தையும் கோழியையும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கவிடும் வீடுகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இவற்றைவிடக் கொடியது வெள்ளைக்கழிச்சல். குமாவோன் மலையிலுள்ள ராணிகேத் ஊரின் பெயரால் இந்தியாவில் அறியப்படுவது. தடுப்பூசி அரைகுறையாகப் போட்ட கோழிகளில் சாவு குறைந்து, முட்டை குறைவதும் தோல்முட்டையும் மட்டுமே அடையாளமாக நிற்பதுண்டு. பறவைக் காய்ச்சலும் இதே போலத் தொடங்கலாம். தோல்முட்டையோடு திடீர்ச் சாவு, கழுத்துத் திருகல், கொண்டை நீலம் பாய்வது ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். அறுத்துக் குழம்பு வைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. ஊசிக்குக் கோழியைப் பிடிக்க முடியாதவர்களுக்காகக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியோடு போடும் குருணை மருந்தையும் உருவாக்கியிருக்கிறது. கோடைக்கு முன் அதை வாங்கிப் போடுவது, ஆண்டு முழுக்க வாங்கும் கால்சியத்தைவிடப் பயனுள்ளது என்பது என் உறுதியான எண்ணம்.

முட்டைபோலத் தோன்றி முட்டையே அல்லாத ஒன்றும் உண்டு. மஞ்சள் கலந்த பழுப்பில், ரப்பர் போன்ற பதத்தில், சில சமயம் முட்டை வடிவிலேயே கூட்டில் கிடக்கும். கத்தியால் நறுக்கினால் வெங்காயம்போல அடுக்கடுக்காக இருக்கும், நாற்றம் வரும். முட்டைக்குழாய் சீழ்பிடித்து, பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவால், அந்தச் சீழ் இறுகி வெளியே வந்தது அது. கோழி அதற்குள் மெலிந்தும், வயிறு உப்பியும் இருக்கும். வெறுங்கையால் தொடாமல் ஆழப் புதைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. முட்டைக்குள் உருளைப்புழு காணப்படுவது இன்னும் அரிது. குடற்புழு எச்சவாய் வழியாகக் குழாய்க்குள் ஏறி ஓட்டுக்குள் சிக்கிக்கொள்வது, குடற்புழு நீக்க மருந்து காணாத கோழிகளில் நேரும்.

இரட்டைக் கரு, வளையம் விழுந்தது, வெளிறியது, ரத்தப்புள்ளியுள்ளது எல்லாம் நன்றாக வேகவைத்தால் சாப்பிட உகந்தவையே. ஓடில்லாத முட்டையைத் தவிர்ப்பது நல்லது. கிருமியைத் தடுக்கும் சுவரே அதற்கு இல்லை. மருந்து கொடுத்த கோழியின் முட்டையில்தான் உண்மையான ஆபத்து. மெடிக்கலில் கேட்டு வாங்கிய டெட்ராசைக்ளின் மாத்திரையை உடைத்துத் தண்ணீரில் கலந்துவிட்டு, மறுநாள் முட்டையைக் குழந்தைக்கு அவித்துக் கொடுக்கும் வீடுகள் நிறைய. கொத்தாகத் தொங்கும் கருக்கள் ஒவ்வொன்றும் பல நாள் முற்றுவதால், அன்று கொடுத்த மருந்து அடுத்த வாரத்து முட்டையிலும் இருக்கக்கூடும். கால்நடை மருத்துவர் மருந்து எழுதும்போதே, எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.